பின்கோட்டுக்கு வந்த பிழை எங்கே போனது?

"அண்ணே, சேவ் அமுக்கினா அதே ஃபாரம் திரும்பத் திரும்ப வருது. சிவப்பு எழுத்துல ஒண்ணும் காட்டலை. லாரி கெளம்ப அரை மணிதான் இருக்கு."

பார்சல் புக்கிங் கவுண்டரில் இருக்கும் தம்பியின் போன். முந்தின நாள் ராத்திரிதான் கவுண்டர் மென்பொருளின் புதுப் பதிப்பை ஏற்றியிருந்தேன். காலையில் நானே இரண்டு எல்ஆர் (லாரி ரசீது) போட்டுப் பார்த்தேன், இரண்டும் ஒழுங்காகப் பதிவாயின. அதனால் முதலில் அவன் மேல்தான் சந்தேகம் வந்தது. ஃபாரத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பின்கோட்டில் 5 இலக்கம்தான் இருந்தது. "பின்கோட்டைப் பாரு தம்பி" என்றதும் திருத்தினான், பதிவானது, லாரியும் போனது. அவனுக்கு அத்தோடு விஷயம் முடிந்தது. தப்பு அவனுடையதுதான். ஆனால் அதை அவனிடம் சொல்ல வேண்டியது என் நிரல், அது வாயே திறக்கவில்லை.

எங்கள் அமைப்பைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கவுண்டர் மென்பொருள் ரெயில்ஸில், அதாவது ரூபி மொழியின் வலைச் செயலிக் கட்டமைப்பில் எழுதியது. அதற்கென்று டேட்டாபேஸ் கிடையாது. புக்கிங் எல்லாம் மையச் சேவை ஒன்றில் இருக்கின்றன, அதை இன்னொரு அணி பார்த்துக்கொள்கிறது. நடுவில் தூது போவது ஆக்டிவ் ரிசோர்ஸ் லைப்ரரி. முன்பு ரெயில்ஸுக்குள்ளேயே இருந்தது, 2013-இல் ரெயில்ஸ் 4.0 வந்தபோது தனி ஜெம்மாக, அதாவது தனி ரூபிப் பொட்டலமாகப் பிரிந்தது. தூரத்துச் சேவையில் இருக்கும் ஒரு பதிவை, உள்ளூர் டேபிளில் இருக்கும் வரிசை மாதிரியே கையாளலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி. சேவ் என்று சொன்னால் போஸ்ட், அதாவது பதிவைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை, சர்வருக்குப் போகும். சர்வர் மறுத்தால் ஃபால்ஸ் ("இல்லை") திரும்பும். எரர்ஸ் என்று கேட்டால் எந்த ஃபீல்டில் என்ன தப்பு என்று பட்டியல் வரும். ஃபாரத்தை வரையும் நிரலுக்கு நடுவில் ஒரு நெட்வொர்க் இருப்பதே தெரியாது.

எல்லாம் சரியாக இருக்கும்வரை.

அன்றைய லாகை, அதாவது நிரல் எழுதி வைக்கும் குறிப்பேட்டைத் திறந்தேன். தம்பி ஏழு முறை சேவ் அமுக்கியிருக்கிறான், ஏழு முறையும் மையச் சேவை 422 என்று பதில் தந்திருக்கிறது. 422-க்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. முதலில் அது எச்டிடிபியின், அதாவது வலைச் சேவைகள் பேசிக்கொள்ளும் நெறிமுறையின், சொந்தக் குறியீடு இல்லை. 1999-இல் வெப்டேவுக்காக (வலை வழியே கோப்புகளைத் திருத்தும் நெறிமுறை) எழுதிய ஆர்எஃப்சி 2518 என்ற இணையத் தர ஆவணத்தில் வந்தது. ரெயில்ஸ் போன்றவை அதை எடுத்து, "நீ அனுப்பியது புரிகிறது, ஆனால் உள்ளே இருப்பது ஏற்கத் தக்கதாக இல்லை" என்று சொல்லப் பயன்படுத்தின. 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9110-தான் அதை முறைப்படி எச்டிடிபி வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. ஆக்டிவ் ரிசோர்ஸில் இந்த எண்ணுக்குத் தனி மரியாதை. 400 வந்தால் பேட் ரெக்வெஸ்ட், 404 வந்தால் ரிசோர்ஸ் நாட் ஃபவுண்ட், 409 வந்தால் ரிசோர்ஸ் கான்ஃப்ளிக்ட் என்று எக்செப்ஷன் (யாரும் பிடிக்காவிட்டால் ஓட்டத்தை நிறுத்தும் பிழை) எறிந்துவிடும். 422 வந்தால் எறிவது ரிசோர்ஸ் இன்வாலிட். சேவ் மெத்தட் (செயல்கூறு) பிடித்துக்கொள்வது இந்த ஒன்றை மட்டும்தான். பிடித்து, பதிலின் உடலைப் பிரித்து எரர்ஸில் ஏற்றிவிட்டு, ஃபால்ஸ் தரும்.

ஆக, பிடித்திருக்கிறது. ஃபால்ஸும் வந்திருக்கிறது. ஏற்றுவதுதான் நடக்கவில்லை.

கர்ல் என்ற கட்டளைக் கருவி வைத்து அதே புக்கிங்கை அனுப்பிப் பார்த்தேன். பதிலில் எரர்ஸ் என்ற சாவியும், அதற்குள் "பின்கோட்டில் 6 இலக்கம் இருக்க வேண்டும்" என்ற வாக்கியமும் பத்திரமாக இருந்தன. சர்வர் தன் வேலையைச் செய்துவிட்டது, வழியில் யாரோ விழுங்குகிறார்கள். ஜெம்மின் மூல நிரலைத் திறந்து படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நல்லவேளை, சின்ன லைப்ரரிதான். வேலிடேஷன்ஸ் கோப்பு ஒரு டீ ஆறுவதற்குள் படித்துவிடும் நீளம்.

லோட் ரிமோட் எரர்ஸ் என்று ஒரு மெத்தட். இந்த வகுப்பின் ஃபார்மட் (தரவை எழுதும் வடிவம்) எக்ஸ்எம்எல்லா, ஜேசனா என்று ஒரு கேஸ் போட்டு, அதாவது வகைவாரியாக ஒப்பிட்டுப் பார்க்கிறது. எக்ஸ்எம்எல் என்றால் ஒரு வழி, ஜேசன் என்றால் இன்னொரு வழி. இரண்டும் இல்லையென்றால்? எல்ஸ், அதாவது "மற்றபடி" என்ற கிளை, கிடையாது. சத்தமில்லாமல் வெளியே வந்துவிடும்.

குற்றவாளி நான்தான் என்பது அப்போது தெரிந்தது. மையச் சேவையின் புதிய பதிப்பு நல்ல பதில்களை எல்லாம் டேட்டா என்ற உறைக்குள் போட்டுத் தர ஆரம்பித்திருந்தது. அந்த உறையைப் பிரிக்க நான் சொந்தமாக ஒரு ஃபார்மட் மாட்யூல் (நிரல் தொகுதி) எழுதியிருந்தேன். கோப்பு நீட்டிப்பு, மைம் வகை, என்கோட், டீகோட் என்று நான்கு மெத்தட். ஆக்டிவ் ரிசோர்ஸ் கேட்பது அவ்வளவுதான். நல்ல பதில்கள் எல்லாம் அழகாகப் பிரிந்தன. நான் சோதித்ததும் நல்ல பதில்களை மட்டும்தான். என் மாட்யூல் ஜேசனைத்தான் பிரித்தது என்றாலும், கேஸின் கண்ணுக்கு அது ஜேசன் ஃபார்மட் இல்லை, முகம் தெரியாத யாரோ.

தீர்வு ஒரே வரி. என் மாட்யூலைத் தனியாக நிறுத்தாமல், ஜேசன் ஃபார்மட்டை எக்ஸ்டெண்ட் செய்துவிட்டு (அதன் மெத்தடுகளை என்னுடையதில் சேர்த்துக்கொண்டு) டீகோடை மட்டும் மாற்றி எழுதினேன். ரூபியில் கேஸ் ஒப்பிடுவது "நீயும் அதுவும் ஒன்றா" என்று இல்லை, "நீ அந்த வகையைச் சேர்ந்தவனா" என்று. எக்ஸ்டெண்ட் செய்ததும் என் மாட்யூல் சேர்ந்ததாகிவிட்டது. மதியத்துக்குள் ஏற்றிவிட்டேன். சிவப்பு எழுத்து வந்தது.

ஆனால் வந்த இடம் சரியில்லை. பின்கோடு, எடை, பெறுநர் தொலைபேசி என்று எதில் தப்பு இருந்தாலும் எல்லாச் செய்தியும் ஃபாரத்தின் தலையில் ஒரே குவியலாக விழுந்தன. பழைய பதிப்பில் அந்தந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே வரும். 24 கட்டம் உள்ள ஃபாரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. திரும்பவும் ஜெம்முக்குள் போனேன்.

இங்கேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எரர்ஸ் சாவிக்குள் ஹாஷ் இருந்தால், அதாவது ஃபீல்டு பெயரும் அதற்கான செய்திகளும் ஜோடியாக இருந்தால், ஆக்டிவ் ரிசோர்ஸ் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். வெறும் வாக்கியங்களின் பட்டியல் இருந்தால், வாக்கியத்தைப் படித்து ஃபீல்டைக் கண்டுபிடிக்கப் பார்க்கும்! அதற்குத் தெரிந்த ஒவ்வொரு ஃபீல்டு பெயரையும் ஹ்யூமனைஸ் செய்யும். பெயரில் உள்ள அடிக்கோடு இடைவெளியாகும், முதல் எழுத்து பெரியதாகும், கடைசியில் ஐடி என்று இருந்தால் வெட்டப்படும். வாக்கியம் அந்தப் பெயரில் ஆரம்பித்து அடுத்து ஓர் இடைவெளி இருந்தால், இந்தப் பிழை அந்த ஃபீல்டுக்குத்தான் என்று முடிவு கட்டும். பெயரை வெட்டிவிட்டு மிச்சத்தைச் செய்தியாக வைக்கும். எதோடும் பொருந்தாத வாக்கியம் பேஸ் என்ற பொதுத் தொட்டிக்குப் போகும். அந்தத் தொட்டியைத்தான் நாங்கள் ஃபாரத்தின் தலையில் காட்டுகிறோம்.

கேலி செய்யத் தோன்றும், ஆனால் காலத்தை நினைத்துப் பார்த்தால் நியாயம் புரியும். அந்தக் காலத்து ரெயில்ஸ் சர்வர், பிழைகளை முழு ஆங்கில வாக்கியங்களாகத்தான் அனுப்பும். அனுப்புகிறவரும் ரெயில்ஸ், வாங்குகிறவரும் ரெயில்ஸ். ஒட்டியதை அதே இடத்தில் வெட்டுகிறார்கள், அவ்வளவுதான். கவனமாகவும் எழுதியிருக்கிறார்கள். ரிசீவர் என்று ஒரு ஃபீல்டும் ரிசீவர் ஃபோன் என்று இன்னொன்றும் இருந்தால் "ரிசீவர் ஃபோன் தவறு" என்ற செய்தி இரண்டோடும் பொருந்தும் அல்லவா? அதனால் நீளமான பெயரில் இருந்து தேடுகிறது. இப்போது வெறும் பட்டியல் வந்தால் இந்த வழக்கம் கைவிடப்படுகிறது என்று லாகில் ஓர் எச்சரிக்கையும் போடுகிறது. நான் லாகில் எச்சரிக்கைகளை வடிகட்டி வைத்திருந்தேன்.

இதில் ஒரு பழைய மர்மமும் அவிழ்ந்தது. ஜிஎஸ்டி எண் பிழை மட்டும் எப்போதும் ஃபாரத்தின் தலையில்தான் வரும், பக்கத்தில் வராது. இரண்டு வருடமாக அப்படித்தான். யாரும் அதைப் பிழையாகவே நினைக்கவில்லை, ஜிஎஸ்டி முக்கியம் என்பதால் மேலே காட்டுகிறார்கள் என்று கவுண்டரில் ஒரு விளக்கமே உலவியது. உண்மை வேறு. ஹ்யூமனைஸ் அந்தப் பெயரின் முதல் எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக்குகிறது. சர்வரோ மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதியது. பொருந்தவில்லை, தொட்டிக்குப் போனது.

இப்போது சர்வர் தமிழில் பேச ஆரம்பித்திருக்கிறது. கவுண்டரில் இருப்பவர்கள் கேட்டதால்தான் அந்த அணி செய்திகளைத் தமிழாக்கியது, நல்ல காரியம். ஆங்கில ஃபீல்டு பெயரை வைத்துத் தமிழ் வாக்கியத்தை வெட்டப் பார்த்தால் எதுவும் பொருந்தாது. சரி, தமிழ்ப் பெயர்களின் அட்டவணை ஒன்றைத் தந்துவிட்டால் போச்சு என்று நினைத்தேன். பின்கோடு, எடை, பெறுநர், முகவரி. ஒரு மணி நேரம் அதில் போனது.

"எடை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும்" பொருந்தியது. "பின்கோட்டில் 6 இலக்கம் இருக்க வேண்டும்" பொருந்தவில்லை. ஆங்கிலத்தில் ஃபீல்டு பெயர் எங்கே போனாலும் உருமாறாது. தமிழில் வேற்றுமை உருபு வந்து ஒட்டும்போது சொல்லே வளைகிறது. பின்கோடு பின்கோட்டில் ஆகிறது, எடை எடையை ஆகிறது. பின்னால் இடைவெளி வேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, பின்கோடு என்பதன் உகரத்தையும் கிள்ளிவிட்டு அடிச்சொல்லை மட்டும் தேடிப் பார்த்தேன். பின்கோட்டில் சரியானது. உடனே "எடைக்கட்டணம் விடுபட்டிருக்கிறது" என்ற செய்தி எடைக் கட்டத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. பெறுநரும் பெறுநரின் தொலைபேசியும் அப்படியே குழம்பின. இதற்கு ஒரு விதி, அதற்கு ஒரு விதிவிலக்கு என்று போனால் நான் தமிழ் இலக்கணப் பகுப்பாய்வி எழுதிக்கொண்டிருப்பேன், எல்ஆர் யாரும் போட மாட்டார்கள். எழுதியதை எல்லாம் அழித்தேன். சர்வருக்கு எந்த ஃபீல்டு என்று தெரியும். தெரிந்ததை வாக்கியத்துக்குள் கரைத்து அனுப்பிவிட்டு, இந்தப் பக்கம் நான் அதை வடிகட்டி எடுக்கிறேன்.

மைய அணியில் இருக்கும் நண்பரைக் கூப்பிட்டேன்.

"ஃபீல்டு பேரைத் தனியா அனுப்ப முடியுமாண்ணா?"

"ஹாஷா அனுப்பவா?"

"ஹாஷ் போதாது. உருப்படி வரிசை இருக்குல்ல, மூணாவது பெட்டியோட எடைன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

கொஞ்ச நேரம் பேசியதில் ஆர்எஃப்சி 9457-க்கு வந்து சேர்ந்தோம். 2016-இல் வந்த 7807-க்குப் பதிலாக 2023 ஜூலையில் வந்தது. எச்டிடிபி சேவைகள் பிழையை எப்படி ஜேசனில் சொல்லலாம் என்பதற்கான பொது வடிவம். வகை, தலைப்பு, நிலை எண், விவரம் என்று சில சாவிகள். மேலே நமக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த ஆவணத்தின் உதாரணத்திலேயே எரர்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் விவரமும், எந்த இடம் என்று காட்டும் பாயிண்டரும். பாயிண்டர் என்பது ஜேசன் பாயிண்டர், 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6901. பேக்கேஜஸ், 2, வெயிட் என்று சாய்கோடு போட்டுப் பாதை சொல்லும். எண்ணிக்கை பூஜ்யத்தில் ஆரம்பிக்கும் என்பதால் அந்த 2, மூன்றாவது பெட்டி. இதோடு நாங்கள் கோட் என்ற சாவி ஒன்றைச் சேர்த்தோம். காலியாக இருக்கிறது, நீளம் போதவில்லை, எண் இல்லை என்று காரணத்தை ஒரே சொல்லில் சொல்லும். நண்பரின் பக்கம் வேலை குறைவு, ஏனென்றால் ரெயில்ஸ் 5 முதல் எரர்ஸ் டீடெய்ல்ஸ் என்று கேட்டாலே காரணச் சொல் தனியாகக் கிடைக்கிறது.

புதிய வடிவம் சோதனைச் சர்வரில் ஏறியது. என் பக்கம் எதையும் மாற்றாமல் ஒரு தப்பான புக்கிங்கை அனுப்பினேன். இந்த முறை மௌனம் இல்லை, நேராக ஆர்க்யுமெண்ட் எரர் வெடித்தது. காரணம் தெரிந்தபோது சிரிப்புதான் வந்தது. எரர்ஸ் சாவிக்குள் பட்டியலைப் பார்த்ததும் ஆக்டிவ் ரிசோர்ஸ் அதை வாக்கியங்களின் பட்டியல் என்று நம்பி, ஒவ்வொன்றிலும் முதல் சில எழுத்துகளை வெட்டப் போயிருக்கிறது. கையில் கிடைத்ததோ ஹாஷ்.

இனி லைப்ரரியின் பிரிப்பானை நம்பிப் பயனில்லை. எங்கள் ரிசோர்ஸ்கள் எல்லாம் ஒரு பொதுத் தாய் வகுப்பில் இருந்து வருகின்றன. அங்கே லோட் ரிமோட் எரர்ஸை மேலெழுதினேன். பதிலின் உடல் எந்த வடிவில் வந்தாலும் அதைப் பாதை, காரணச் சொல், செய்தி என்ற மூன்றாக மாற்றுவது முதல் வேலை. புது வடிவம், பழைய ஹாஷ், அதற்கும் பழைய வாக்கியப் பட்டியல் மூன்றையும் ஏற்கும், ஏனென்றால் எல்லாச் சேவையும் ஒரே நாளில் மாறப்போவதில்லை. வாக்கியப் பட்டியல் வந்தால் யூகிக்காது, நேராகப் பொதுத் தொட்டி. பாயிண்டரைப் பிரிக்கும்போது ஒரு நுணுக்கம். பெயருக்குள்ளேயே சாய்கோடு இருந்தால் அதை டில்டாவும் 1-ம் போட்டு எழுதுவார்கள், டில்டாவை டில்டாவும் 0-வும் போட்டு. திரும்ப மாற்றும்போது முதலில் 1-ஐ மாற்ற வேண்டும், பிறகுதான் 0. வரிசையை மாற்றினால் டில்டா, 0, 1 என்று வரும் பெயர் சாய்கோடாகத் திரிந்துவிடும். எங்கள் ஃபீல்டு பெயர்களில் இரண்டுமே கிடையாது, ஆனாலும் ஒரு டெஸ்ட் எழுதி வைத்தேன்.

அடுத்தது, பாதை காட்டும் இடத்துக்கு நடந்து போவது. உருப்படிகள் ஆக்டிவ் ரிசோர்ஸில் தனித்தனி ஆப்ஜெக்ட், ஒவ்வொன்றுக்கும் சொந்த எரர்ஸ் உண்டு. மூன்றாவது பெட்டியின் எடைப் பிழையை அந்தப் பெட்டியின் எரர்ஸில் வைத்தேன். தாய் புக்கிங்கிலும் ஒன்று வைக்க வேண்டும், இல்லையென்றால் புக்கிங் தன்னைச் சுத்தம் என்று நினைத்துக்கொள்ளும். பாதை எங்கேயும் போய்ச் சேரவில்லை என்றால், அதாவது ஃபாரத்தில் இல்லாத ஃபீல்டைச் சர்வர் குறை சொன்னால், செய்தியைத் தூக்கிப் போடாமல் பொதுத் தொட்டியில் வைக்கும்.

ஓட்டிப் பார்த்தால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரே செய்தி இரண்டு முறை வந்தது. இதற்கு அரை நாள் போனது. காரணம் வேலிட் என்று கேட்கும் மெத்தட். ரெயில்ஸில் அது எரர்ஸை அழித்துவிட்டு உள்ளூர் விதிகளை மறுபடி ஓட்டும். அப்படி அழிந்தால் சர்வர் சொன்னதும் போய்விடும் என்பதால், ஆக்டிவ் ரிசோர்ஸ் சர்வரின் மறுப்பை ஓரமாக எடுத்து வைத்துக்கொண்டு, வேலிட் கேட்கும்போதெல்லாம் அதை மறுபடி ஏற்றுகிறது. தாயின் எரர்ஸ் அழிந்து மறுபடி நிரம்புகிறது, சரி. பெட்டிகளின் எரர்ஸை யார் அழிப்பது? யாருமில்லை. என் பிரிப்பான் ஒவ்வொரு முறையும் மேலே மேலே சேர்த்துக்கொண்டே போனது. ஏற்றுவதற்கு முன் பெட்டிகளின் எரர்ஸைக் காலி செய்ததும் சரியானது.

இந்த ஓரமாக எடுத்து வைக்கும் பழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. நிரலில் பின்கோட்டைத் திருத்திவிட்டு வேலிட்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்லும், பழைய மறுப்பு இன்னும் கையில் இருக்கிறதே. மறுபடி சேவ் கூப்பிட்டால்தான் அதை மறக்கும். வேலிட்டா என்று கேட்டுவிட்டுச் சேவ் செய்யும் நிரல் எங்களிடம் ஓரிடத்தில் இருந்தது. திருத்திய புக்கிங் என்றைக்கும் போகவே போகாது. அந்த ஒரு வரியை எடுத்தேன்.

பதிலின் உடல் ஜேசனே இல்லை என்றால் என்ன நடக்கும் என்று தேடியதில் இன்னொரு மௌனம் அகப்பட்டது. லைப்ரரியின் பழைய பிரிப்பான், பிரிக்க முடியாவிட்டால் காலி ஹாஷ் என்று வைத்துக்கொண்டு போய்விடும். நடுவில் ஒரு ப்ராக்ஸி (இடைநிலைச் சர்வர்) எச்டிஎம்எல் பக்கத்தோடு 422 தந்தால் சேவ் ஃபால்ஸ், எரர்ஸ் காலி. தம்பி பார்த்த அதே காட்சி. என் பிரிப்பானில் ஒரு விதி போட்டேன்: 422 வந்து ஒரு பிழையும் கிடைக்கவில்லை என்றால், "சர்வர் ஏற்கவில்லை, காரணம் சொல்லவில்லை" என்ற வரியும் ரெக்வெஸ்ட் எண்ணின் கடைசி 6 எழுத்தும் பொதுத் தொட்டியில் கட்டாயம் விழும். போனில் அந்த 6 எழுத்தைப் படித்தால் நான் லாகில் தேடிவிடுவேன்.

அப்படித் தேட வசதியாக உடலின் முதல் 500 பைட்டை லாகில் எழுதலாம் என்று பார்த்தேன். லாக் எழுதும் வரியே வெடித்தது. நெட் எச்டிடிபி என்ற ரூபி லைப்ரரியிடம் இருந்து வரும் உடல் வெறும் பைட்டாக வருகிறது. அதை என் தமிழ் வாக்கியத்தோடு ஒட்டினால் இரண்டு என்கோடிங் (எழுத்தைப் பைட்டாக்கும் முறை) சேராது என்று ரூபி மறுத்துவிடும். இரண்டிலும் ஆங்கிலம் மட்டும் இருந்தவரை ரூபி கண்டுகொள்ளவில்லை, தமிழ் வந்ததும்தான் வெளியே தெரிந்தது. யுடிஎஃப்-8 என்று முத்திரை குத்தினேன். அடுத்தது வெட்டு. தமிழின் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8-இல் 3 பைட், கா என்ற எழுத்தே ககரமும் கால்குறியுமாக 6 பைட். 500 என்பது 3-ஆல் வகுபடாது என்பதை விடுங்கள், நடுவில் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து வரும்போது வெட்டு எங்கே விழும் என்று சொல்லவே முடியாது. வெட்டியபின் ஸ்க்ரப் போட்டு உடைந்த துண்டை நீக்கினேன். தொலைபேசி எண்களை மறைக்க ஒரு வரியும் சேர்த்தேன். பிழைப் பதிலில் வாடிக்கையாளரின் எண்ணை அப்படியே திருப்பி அனுப்பும் சேவைகள் உண்டு.

பின்கோட்டுக்கு ஊர் சொல்லும் இன்னொரு உள் சேவை பைத்தான் மொழியின் ஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கில் இருக்கிறது. அந்த ஃப்ரேம்வொர்க் வேலிடேஷன் பிழைக்கு 422 தராது, 400 தரும். ஃபீல்டு பெயருக்குக் கீழ் செய்திகள், எந்த ஃபீல்டுக்கும் சேராதவை நான் ஃபீல்டு எரர்ஸ் என்ற சாவியில். ஆக்டிவ் ரிசோர்ஸுக்கு 400 என்றால் பேட் ரெக்வெஸ்ட், சேவ் அதைப் பிடிக்காது, ஃபாரத்துக்குப் பதில் 500 என்ற சர்வர் பிழைப் பக்கம் வரும். கனெக்ஷன் வகுப்பில் ஹேண்டில் ரெஸ்பான்ஸை மேலெழுதி, அந்த ஒரு சேவைக்கு மட்டும், உடல் ஜேசன் ஹாஷாக இருந்தால் மட்டும், 400-ஐ ரிசோர்ஸ் இன்வாலிடாக மாற்றினேன். எல்லா 400-ஐயும் அப்படி மாற்றியிருந்தால் நான் உடைத்து அனுப்பும் ஜேசன்கூடக் கவுண்டர்காரரின் தப்பாகக் காட்டப்பட்டிருக்கும்.

கடைசியாகப் பின்னணி வேலைகள். நெட் இல்லாத கிளைகளின் புக்கிங்குகள் பிறகு சைட்கிக் என்ற பின்னணி வேலை லைப்ரரி வழியாகப் போகின்றன. அங்கே சேவ்-ஐ ஆச்சரியக்குறியோடு கூப்பிட்டிருந்தேன், அது மறுப்பு வந்தால் எக்செப்ஷன் எறியும். சைட்கிக் எக்செப்ஷனைப் பார்த்தால் மறுபடி முயலும், இயல்பாக 25 முறை, ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு. நெட்வொர்க் அறுந்தால் அது நல்லது. ஆனால் 5 இலக்கப் பின்கோடு 25 முறை தட்டினாலும் 6 இலக்கம் ஆகாது. ரிசோர்ஸ் இன்வாலிடை மட்டும் அங்கேயே பிடித்து, மறுமுயற்சி இல்லாமல், "திருத்த வேண்டியவை" என்ற பட்டியலில் பிழைகளோடு போடும்படி மாற்றினேன். ஏற்றிய அன்றே வரிசையில் சுற்றிக்கொண்டிருந்த 11 புக்கிங் அந்தப் பட்டியலில் வந்து விழுந்தன.

டெஸ்டுகளை ஆக்டிவ் ரிசோர்ஸோடு வரும் எச்டிடிபி மாக் (போலிச் சர்வர்) வைத்தே எழுதினேன். காலி உடல், எச்டிஎம்எல் உடல், மூன்று வடிவம், தெரியாத ஃபீல்டு, வேலிட் இரண்டு முறை. எல்லாம் பச்சை. ஒரு வெள்ளிக்கிழமை ஏற்றினேன்.

சனிக்கிழமை மறுபடி அதே தம்பி.

"அண்ணே, இப்ப பக்கத்துலயே காட்டுது, சூப்பர். ஆனா ரெண்டாவது பெட்டி எடை தப்புன்னு சொல்லுது. அந்தப் பெட்டியைத்தான் நான் அழிச்சிட்டேனே?"

திரையில் மூன்று பெட்டி. நடுவில் உள்ளதை நீக்கக் குறி போட்டிருக்கிறான், மூன்றாவதில் எடை எழுத மறந்திருக்கிறான். நீக்கியதைச் சர்வருக்கு அனுப்புவதில்லை. சர்வர் பார்த்தது இரண்டே பெட்டி, அதில் இரண்டாவதைக் குறை சொன்னது. அதன் கணக்கில் சரி. என் கணக்கில், திரையில் இருக்கும் வரிசையும் அனுப்பிய வரிசையும் ஒன்று என்று நான் வைத்திருந்தேன்.

அனுப்பும் இடத்திலேயே, எந்தத் திரை வரிசை எந்த எண்ணாகப் போகிறது என்று ஒரு சின்ன அரேயில் குறித்து வைத்து, பிழை திரும்பும்போது அதன் வழியாக நடக்கும்படி மாற்றினேன். மொத்தம் நான்கு வரி. திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஏற்றிவிட்டுப் போன் செய்தேன். எடுத்தவன், "இருங்கண்ணே, லோடு ஏத்திட்டு இருக்கோம்" என்று வைத்துவிட்டான்.